பின்சீட்டுப் பலகை

கரமனை ஜட்ஜி வீட்டுக் காரின் ஹூட் கிழிந்தால் ஞானபாயைத்தான் கூப்பிடுவார்கள். தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, ஹூட்டைக் கழற்றிக்கொண்டு வரவும் முடியாது. சாக்கு ஊசியும் மெழுகு தடவிய நூலுமாக நேமத்திலிருந்து நடந்தே வருவாள். அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்த வண்டிக் கொட்டகையில், கவிழ்த்துப் போட்ட சாமான் பெட்டியின்மேல் ஏறி நின்று தைப்பாள். எடவப்பாதி மழையில் ஊறி, வெயில் தலைகாட்டிய அன்றைக்கே காய்ந்து, அந்தக் கான்வாஸ் துணி தகரம் மாதிரி விறைத்திருக்கும். ஒரு சாண் தைப்பதற்குள் விரல் நுனியில் ரத்தம் கட்டிவிடும்.

அது கூரையில்லாத கார். மழை வந்தால் ஹூட்டை இழுத்து முன்கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வாரைப் பூட்ட வேண்டும். வெயில் காலத்தில் பின்னால் மடித்துவிட்டால் பெரிய குடையைச் சுருக்கி வைத்தது போலிருக்கும். ஜட்ஜி கல்யாணராமய்யர் உத்தியோகத்தில் இருந்தபோது வரவழைத்தது. கடைசி எட்டு வருஷமாக அதை ஓட்டுகிறவன் ஞானபாயின் புருஷன் தாசையன்.

அந்த ஆடி மாதத்தில் ஒரு நாள் அவள் தைத்துக்கொண்டிருந்தபோது ஜட்ஜியின் அக்காள் சீதாலக்ஷ்மி அம்மாள் கோவிலுக்குக் கிளம்பினாள். தாசையன் கையைக் காட்டினான்.

“எறங்கி அங்ஙன மாறி நில்லு பிள்ளே. அம்மா வாறாவ.”

அவள் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு முருங்கை மரத்தடிக்குப் போனாள். தாசையனும் வண்டியின் மூக்குப் பக்கமாக ஒதுங்கி நின்றான். வேலைக்காரன் வேலாயுதன் ஒரு குடம் ஆற்றுத் தண்ணீரோடு வந்தான். பின்கதவைத் திறந்து, தோல் மெத்தை போட்ட சீட்டின்மேல் குடத்தைக் கவிழ்த்தான். தோல் தீட்டு. தண்ணீர் விட்டால்தான் அதன்மேல் மணை போட்டு மடியாக உட்காரலாம். ஈரத்தைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மணையை வைத்தான். ஈரத் தலையும் நார்மடிப் புடவையுமாக வந்த அம்மாள் எதையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தாள். வேலாயுதன் கதவைச் சாத்திய பிறகுதான் தாசையன் தன் இடத்தில் ஏறினான்.

ஞானபாய் பார்த்துக்கொண்டிருந்தது தரையை. ஒரு குடம் ஊற்றினால் ஒரு குடம் வெளியே வர வேண்டும். வண்டிக்கு அடியில் சொட்டியது அரைக்குடம்கூட இராது.

அன்று சாயங்காலம் மரச்சீனியை அவித்து வடித்து, சாளைக்கறியை இறக்கி வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

“கேட்டீளா, பின்சீட்டுல ஊத்துத வெள்ளம் எங்க போவுது?”

“கீழ போவும்.”

“பாதிதான் கீழ வந்துது. நான் பாத்தேன்.”

“நீ ஹூடு தைக்கப் போனியா, வெள்ளம் அளக்கப் போனியா?”

“மீதி எங்கன்னுதான் கேக்கேன்.”

“அது அவிய சீட்டு. எனக்கு முன்சீட்டோட தீந்துது. இந்த எட்டு வருசத்துல நான் அந்தப் பின்கதவத் தொறந்தது இல்ல, அடச்சதும் இல்ல. வேலாயுதன் தொறப்பான், வேலாயுதன் அடப்பான். நீ கறிய ஊத்து.”

மகள் ராகேல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சிரித்தாள். பதினேழு வயசு. தாயைவிட வேகமாக மிஷின் மிதிப்பாள்.

“அப்பா பாதிக் காருக்குத்தான் டிரைவரு. மீதிப் பாதிய ஆரு ஓட்டுதான்னு தெரியல்ல.”

தாசையனுக்கும் சிரிப்பு வந்தது. பேச்சு அதோடு போயிற்று.

ஆவணி பிறந்து ஒரு வாரத்தில் ஜட்ஜி அவனைக் கூப்பிட்டுச் சொன்னார். மகன் மதராஸில் வீடு கட்டிவிட்டான், எல்லோரும் அங்கே போகிறார்கள், கரமனை வீட்டை அடைத்துவிடப் போகிறார்கள். தாசையன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். ஞானபாய்க்கு வேலை போனது புரிந்தது. அவன் முகம் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்பது புரியவில்லை.

“வண்டிய எனக்கே தாறேன்னு சொல்லுதாரு பிள்ளே. வெளியாளுக்குன்னா இதுக்கு ஒண்ணரைப் பங்கு வெல கேப்பாராம். நீ பழக்கின வண்டி, நீயே வச்சுக்கோன்னு சொன்னாரு.”

“எத வச்சு வாங்க?”

பாறசாலையில் ஞானபாய்க்குத் தாய் வகையில் வந்த தென்னந்தோப்பு ஒன்று இருந்தது. தை மாதம் ராகேலைப் பாலராமபுரத்தில் ஒரு தறிக்காரர் மகனுக்குக் கட்டிக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். அந்தத் தோப்பு அதற்காக வைத்திருந்தது.

“தோப்ப ஒத்தி வச்சு வண்டிய எடுப்போம். தம்பானூர் ஸ்டேசன்ல போட்டா நெய்யாற்றின்கரைக்கு ஆளு நிறைய உண்டு. கல்யாண ஓட்டம் ஐப்பசியில தொடங்கும். தைக்குள்ள தோப்பு திரும்பலேன்னாலும் கல்யாணம் நடக்கும். நான் இனி ஒருத்தன் வாசல்ல போயி வேலைக்கு நிக்கணுமா? சொல்லு.”

ஞானபாய் இரண்டு நாள் மிஷினைவிட்டு எழாமல் தைத்தாள். மூன்றாம் நாள், “திரவியம் அண்ணன்ட்ட ஒரு வாக்கு கேட்டுட்டு செய்யுங்க” என்றாள்.

திரவியம் அவளுக்குப் பெரியப்பா மகன். தம்பானூரில் ஒரு ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து வந்தான். மழை நசநசத்துக்கொண்டிருந்தது. கஞ்சியும் பயறும் சுட்ட கருவாடும் வைத்தார்கள். அவன் பிளாவிலையைக் கரண்டி போலக் கோட்டிக் கஞ்சியைக் கோரிக் குடித்துக்கொண்டே பேசினான்.

“எஞ்சினு தணுத்துக் கெடக்கும்ப போவணும் மச்சான். நீரு போறதுக்கு முன்ன எவனாவது ஓட்டிச் சூடாக்கி வச்சிருந்தான்னா வாங்காதீரு.”

“அதச் சூடாக்குதவனே நான்தானவே.”

“அது செரி. அப்பம் எஞ்சினு, கியரு, பிரேக்கு ஒண்ணும் நான் சொல்லாண்டாம். ஹூடுக்க வளைவுக் கம்பு?”

“மூணு. நடுவுலது நான் மாத்துனது. தேக்கு.”

“துணி?”

“உன் தங்கச்சி தச்சது. கொற சொல்லிப் பாரு, கஞ்சிக்கு உப்பு கெடைக்காது.”

“துணிக்கு இன்னும் ரெண்டு மழைதான் காலம்” என்று ஞானபாய் அடுப்படியிலிருந்து சொன்னாள். “தையல் நிக்கும். துணி நிக்காது.”

“பாத்தீரா, தச்சவளே சொல்லுதா. துணி போனா மாத்தலாம். நான் சொல்லுதது வேற.” திரவியம் இலையைக் கீழே வைத்தான். “தெறந்த வண்டிக்கு நோவு மேல தெரியாது மச்சான். அடியில கெடக்கும். ஹூடு எவ்வளவு இறுக்கிக் கெட்டினாலும் மழை உள்ள வரும். வந்தது எங்க போவும்? பின்சீட்டுக்க அடியில போயிக் கெட்டும். அந்தப் பாடி முழுக்க மரச்சட்டம், வெளிய தகரத்தப் போத்தி பெயின்டு அடிச்சிருக்கான், அவ்வளவுதான். நீரு என்ன செய்யணும், பின்சீட்டு மெத்தையத் தூக்கணும். அதுக்குக் கீழ உள்ள பலகைய இளக்கணும். ஒரு ஸ்குரு டிரைவர எடுத்துச் சட்டத்துல ஓங்கி ஒரு குத்து. நின்னுதுன்னா வண்டிய எடும். உள்ள எறங்குச்சுன்னா கும்பிட்டுட்டு வந்திரும்.”

“ம்.”

“பின்ன, பின்கதவத் தொறந்து ரெண்டு கையாலயும் மேல தூக்கும். கதவோட தூணும் சேந்து ஆடுச்சுன்னா கத முடிஞ்சுது. மறந்திராதீரு. இல்லேன்னா நானே வாறேன். புதனாழ்ச்ச எனக்கு ஒழிவுதான்.”

தாசையன் அவசரமாகத் தலையை ஆட்டினான். “நீ வராண்டாம்.”

“ஏன்?”

“எட்டு வருசம் அந்த வீட்டுச் சம்பளத்துல கஞ்சி குடிச்சிருக்கேன். ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போயி, சாமி நீரு தாற சாமானத்துல கள்ளம் உண்டான்னு குத்திப் பாக்கச் சொல்லுதியா? எனக்க முகம் எங்க போவும்? நானே பாத்துக்கிடுதேன்.”

திரவியம் தன் ஸ்குரு டிரைவரை எடுத்து அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

புதன்கிழமை காலையில் ஞானபாயும் கூடப் போனாள். ஹூட்டைப் பார்ப்பதற்கு என்று பேர். ஜட்ஜி வேஷ்டியும் துண்டுமாகக் குடை பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். சீதாலக்ஷ்மி அம்மாள் பின்கட்டு ஜன்னலில் நின்றாள்.

“நன்னா பாத்துக்கோடா தாசையா. அப்புறம் ஒண்ணும் சொல்லப்படாது.”

“நான் என்ன சாமி சொல்லப்போறேன்.”

ஞானபாய் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். பக்கத்துப் படுதாவில் கண்ணாடிக்குப் பதிலாக வைத்துத் தைத்த மைக்கா ஜன்னல் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. தாசையன் ஹாண்டிலைச் சுற்றினான், இரண்டாம் சுற்றில் எஞ்சின் பிடித்தது. அதை அணைத்தான். ஸ்பிரிங் பட்டைகளைக் குனிந்து எண்ணினான். சக்கரத்தை உலுக்கினான். முன்பக்கத்தில் அவன் கை படாத இடம் இல்லை.

பிறகு சுற்றிக்கொண்டு பின்கதவண்டை வந்தான். அங்கே நின்றுவிட்டான்.

காக்கிச் சட்டைப் பையில் ஸ்குரு டிரைவரின் பிடி துருத்திக்கொண்டிருந்தது. அவன் கை கதவுப் பிடி வரைக்கும் போனது. கதவுப் பிடிக்கும் அவன் விரலுக்கும் நடுவில் ஒரு விரற்கடைதான் இருந்தது. அவன் ஜன்னலைப் பார்த்தான்.

“பின்னாடியும் பாத்துக்கோயேன்” என்றார் ஜட்ஜி. “இனிமே உன் வண்டிதானே. திறந்து பாரு.”

“வேண்டாம் சாமி. நான் அறியாத வண்டியா?”

ஞானபாய் ஒரு அடி முன்னால் வந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “நான் அந்த மெத்தையத் தூக்கட்டா?” என்றாள்.

“தொடாத” என்றான் அவன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அவளும் நகர்ந்துவிட்டாள். மழைக்குப் பிறகு பாம்பைக் கண்டால் கால் தானாகப் பின்னால் போகிற மாதிரி போயிற்று.

ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது. “வேலாயுதா, அந்த மணையை எடுத்துண்டு வந்துடு. வண்டியோட சேத்துக் குடுத்துடாதே.”

வேலாயுதன் வந்து பின்கதவைத் திறந்தான், மணையை எடுத்தான், கதவைச் சாத்தினான். அவன் போகிற வரைக்கும் தாசையன் ஒதுங்கியே நின்றான்.

தோப்பு ஒற்றிக்குப் போயிற்று. அந்தச் சனிக்கிழமை வண்டி நேமத்துக்கு வந்தது. ஞானபாய் முன்சீட்டில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பின்சீட்டு காலியாக வந்தது.

முற்றத்தில் காத்திருந்த திரவியம் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

“குத்திப் பாத்தீரா மச்சான்?”

“பாத்தேன்.”

“நின்னுதா?”

“கல்லு மாதிரி நின்னுது.”

தாசையன் ஸ்குரு டிரைவரைத் திருப்பிக் கொடுத்தான். திரவியம் ஞானபாயைப் பார்த்தான். அவள் வாயைத் திறந்திருக்கலாம். தமையனுக்கு முன்னால், இத்தனை பேர் வண்டி பார்க்க வந்து நிற்கிற முற்றத்தில், புருஷனைப் பொய்யன் என்று காட்ட அவளுக்கு நாக்கு எழவில்லை. “காப்பி போடட்டா அண்ணே” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் உபதேசியார் சத்தியநேசன் வண்டியின் முன்மூடியில் கையை வைத்து நீளமாக ஜெபம் பண்ணினார். வெயில் அடித்தது. ஹூட்டைப் பின்னால் மடித்து விட்டிருந்தார்கள். ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் ஜனங்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். கார் ஓடுவதைப் பார்த்தவர்கள்தான் எல்லோரும். ஏறினவர்கள் யாரும் இல்லை.

“பாப்பனங்கோடு வரைக்கும் போயிட்டுத் திரும்புவோம்” என்றான் தாசையன். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ஞானபாய் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. “ஏறுங்க, ஏறுங்க. எல்லாரும் பொறத்த ஏறுங்க.”

பின்கதவை உபதேசியார்தான் திறந்தார். முதலில் ஏறியவள் எலிசாள். கோவில் முற்றம் பெருக்குகிற கிழவி. மெத்தையைத் தடவிப் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“ஜட்ஜிக்க அக்கா இருந்த எடமா இது? அவிய எதுக்குத்தான் இதுல பலகையப் போட்டு இருந்தாவளோ. எங்களுக்குத் தந்திருந்தா எழும்பவே மாட்டோம்.”

“ஒண்ணு ஒதுங்கக்கூடாதா பாட்டி, நாங்களும் இருக்கணும்” என்று பெண்கள் ஏறினார்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் ஏழு பேர். மடியில் பிள்ளைகள் வேறு. ராகேல் கடைசியாக ஏறி வலது கதவை ஒட்டி, சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள்.

ஞானபாய் முன்சீட்டில் இருந்தாள். வண்டி கிளம்பும்போது சீட்டுக்கு அடியில் ஏதோ முனகியது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவனுக்கும் கேட்டிருந்தது. அவன் ஹாரனை அடித்தான். பின்னால் பாட்டு ஆரம்பித்தார்கள்.

பாப்பனங்கோட்டு இறக்கத்தில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. தாசையன் ஒடித்துத் திருப்பினான். அப்போது ஈரத் தென்னைமட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. பாட்டு பாதியில் நின்றது. ஞானபாய் திரும்பினபோது வலது கதவு தூணோடு வெளியே சாய்ந்து தொங்கியது. தரைப்பலகை உள்வாங்கியிருந்தது. ராகேல் இருந்த இடத்தில் எலிசாள் கையை நீட்டிக்கொண்டு கிடந்தாள். பின்சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியது.

பெரியாஸ்பத்திரியில் ராகேலின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு நாள் காய்ச்சல். பிழைப்பாள் என்று பதின்மூன்றாம் நாள்தான் சொன்னார்கள்.

பாலராமபுரத்து மாப்பிள்ளையின் தாய் ஆறு ஆரஞ்சுப்பழத்தோடு வந்து பார்த்தாள். ராகேலின் தலையைத் தடவினாள், அழுதாள், கர்த்தருடைய சித்தம் என்றாள். தை மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெளி வராந்தாவில் ஞானபாயின் கையைப் பிடித்து, “நாங்களும் என்ன செய்ய முடியும், சொல்லுங்க” என்றாள். ஞானபாய், “இருட்டுததுக்குள்ள போயிச் சேருங்க” என்றாள்.

அவள் திரும்பி வந்தபோது ராகேல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவிய வரமாட்டாவ, இல்லியாம்மா?”

ஞானபாய் ஆரஞ்சை உரித்தாள்.

“மிஷினுக்கு ஒரு காலு மதி” என்றாள் ராகேல் கொஞ்சம் கழித்து. “இடதுகால வச்சே மிதிச்சிரலாம். அப்பாட்ட சொல்லு.”

தாசையன் வார்டுக்குள் வரவே இல்லை. தினமும் கேட் வரைக்கும் வந்து, கஞ்சித் தூக்கைக் கொடுத்துவிட்டு, வேப்பமரத்தடியில் நிற்பான்.

வண்டியை மாடு கட்டி இழுத்துவந்து வீட்டு முற்றத்தில் போட்டிருந்தார்கள். புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் திரவியம் வந்து பின்சீட்டு மெத்தையைத் தூக்கிப் போட்டான். பலகையை இளக்க வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்தது. சட்டத்தில் ஸ்குரு டிரைவரை வைத்தான். ஓங்கிக் குத்தவில்லை, வைத்தான், அவ்வளவுதான். பிடி வரைக்கும் இறங்கியது. அந்த மரம் நனைந்த காப்பிப் பொடி மாதிரி இருந்தது. அதை அவன் இரு கையாலும் அள்ளி வெளியே போட்டான். கறுத்த துளசி இலையும், சந்தனம் பொதிந்து கொடுக்கிற வாழையிலைக் கிழிசலும், ஒரு அரைச் சக்கரக் காசும் அதில் கிடந்தன.

“குத்திப் பாத்தேன்னு சொன்னீரே மச்சான்” என்றான் திரவியம். கோபமாகச் சொல்லவில்லை.

தாசையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“அவிய குத்திப் பாக்கல்ல அண்ணே” என்றாள் ஞானபாய். “நானும் பாத்துக்கிட்டுதான் நின்னேன். காப்பி போடுதேன்னு சொல்லிட்டு உள்ள போனேன்.”

வேலாயுதன் அன்றைக்குத்தான் வந்தான். ஜட்ஜி வீட்டார் புறப்பட்டுப் போன பிறகு வீட்டுக் காவலுக்கு அவனை வைத்திருந்தார்கள். ஒரு குலைப் பழத்தை வாசலில் வைத்துவிட்டு, திறந்து கிடந்த வண்டியைப் பார்த்தான். குனிந்து துளசிச் சருகை எடுத்து விரலில் தேய்த்தான்.

“ஞான்தான் ஊத்தினது தாசையா” என்றான். “தினம் ஒரு குடம். ஒரு திவசம்கூட விட்டில்ல. எடவப்பாதி மழையிலயும் ஊத்தினேன். அம்மா நின்னு பாப்பா. அது எங்கே போகும்னு ஆரு நெனச்சா?”

சருகை வண்டிக்குள்ளேயே திருப்பிப் போட்டான்.

“மதராசுக்கு ஒரு கடிதாசு எழுதட்டே? மகளுக்கு இப்படி ஆச்சுன்னு. சாமி நல்ல மனுஷன். என்னமாவது செய்வாரு.”

தாசையன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

“எழுதாண்டாம். அந்த அம்மா வயசானவிய. கேட்டா சங்கடப்படுவாவ.”

திரவியம் ஸ்குரு டிரைவரைத் துடைக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனான். வேலாயுதனும் போனான். மேற்கே மேகம் இறங்கி, சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் துளி விழுந்ததும் ஞானபாய் பழக்கத்தில் ஹூட்டை இழுக்க முற்றத்துக்கு வந்தாள்.

தாசையன் பின்கதவண்டை நின்றிருந்தான். இடதுபக்கக் கதவு, ஒடியாதது. தெருவை ஒருதரம் பார்த்தான். பிறகு பிடியைத் திருப்பித் திறந்தான். மெத்தையைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தான். எதையும் பிடிக்காமல் ஏறி, நடுவில் உட்கார்ந்தான். வண்டிக்குத் தரை இல்லாததால் அவன் கால் இரண்டும் ஓட்டை வழியாகக் கீழே இறங்கி முற்றத்து மண்ணில் ஊன்றி நின்றன.

“ஹூட்ட இழுத்து விடட்டா?” என்று கேட்டாள் ஞானபாய்.

அவன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

மழை வலுத்தது. அவன் தலையில் விழுந்து, தோளில் வழிந்து, தோல் மெத்தையெல்லாம் நனைந்து தண்ணீர் ஓடியது. ஞானபாய் தரையைப் பார்த்தாள். சீட்டில் விழுந்ததெல்லாம், அவன் பாதத்தைச் சுற்றி, ஒரு சொட்டுக் குறையாமல் கீழே வந்துகொண்டிருந்தது.